கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி

மார்ச் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, தலைநகரில் சட்டமன்றத்தின் புதிய கூடத்தில் பள்ளிக்கல்விச் சீர்திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்த்துப் பேசியவர்கள் இரண்டு பேர். உணவு இடைவேளைக்கு முன்பே விவாதம் முடிந்துவிட்டது.

தலைநகரிலிருந்து அரை நாள் பேருந்துப் பயணத்தில் இருக்கிற ஒரு சிறு நகரத்தில், கடைத்தெரு முனை பேக்கரியில், அப்போது இரண்டாம் ஈடு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அடுப்பு வாயில் நின்றவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய சூட்டுத் தழும்புகள். இமை முடியில்கூட மாவு. ரொட்டி வெந்துவிட்டதா என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. வாசனை வரும்வரை வேறு வேலை பார்ப்பார். வந்ததும் நீண்ட மரத் துடுப்பை உள்ளே விட்டுத் தட்டை இழுப்பார். அந்த மூக்கை நம்பித்தான் முதலாளி கடையை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றினார்.

கல்லாவுக்குப் பக்கத்து பெஞ்சில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஊரில் அவருக்குப் பெரிய டீச்சர் என்று பெயர். ஒரே வீட்டில் இரண்டு டீச்சர் இருந்ததால் வந்த பெயர். சின்ன டீச்சர் மாஸ்டரின் தங்கை. தேர்வுக் காலம் என்பதால் இருவருக்கும் அரை நாள்தான் பள்ளி. பெரிய டீச்சர் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே தூறல். நாத்தனார் பேருந்தைவிட்டு இறங்கியதும் சேர்ந்து வீட்டுக்குப் போவது வழக்கம்.

கேக் அலமாரிக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சர் பேசினார்.

"இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை, குழுவின் முன்னால் தாமாக எழுந்து நின்று சொன்னது இது."

அடுத்து ஒரு கூடம் தெரிந்தது. நிற்கிற ஒரு பெண். கணீரென்ற குரல்.

"இருபத்தஞ்சு பிள்ளைங்களுக்குக் கீழ இருக்கிற ஸ்கூலுக்குத் தனியா ஒரு டீச்சர் வேண்டியதில்ல. நல்ல டீச்சர் ஒருத்தர் நடத்துற பாடம் திரையில வந்தாலே போதும். பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு உதவியாளர் இருந்தா சரியாயிடும்."

யார் இது இப்படிக் கத்துவது என்றுதான் பெரிய டீச்சர் முதலில் நினைத்தார். தன் குரலை அவர் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. புடவையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"மாஸ்டர், டிவியில உங்க வீட்டம்மா" என்றார் பன் வாங்க வந்த தையல்காரர்.

"என்ன, சத்தமா பேசுனதுக்குப் பரிசு ஏதும் குடுத்துட்டாங்களா?" மாஸ்டர் சிரித்துக்கொண்டே திரும்பினார். அந்தக் காட்சித் துண்டு மறுபடியும் ஓடியது. சிரிப்பு பாதியில் நின்றது.

சின்ன டீச்சர் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக, குடையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் கடைக்குள் ஓடிவந்தது. மூன்றாம் முறை அந்தத் துண்டு ஓடி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அவர் அசையவில்லை.

"டீச்சர், அப்போ அந்தக் குவாரி மேட்டு ஸ்கூல்?" என்று தையல்காரர் கேட்டார். கேட்ட பிறகுதான் சின்ன டீச்சரைப் பார்த்தார். பன்னை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கருகல் வாசனை வந்தது. மாஸ்டர் அன்று ஒரு ஈடு முழுவதையும் தீய விட்டார்.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பெண்களுக்கும் ஒரே குடை. இஸ்திரிக் கடை தாண்டியதும் சின்ன டீச்சர் குடையை அண்ணி கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி முன்னால் நடந்தார்.

மேட்டுப் பள்ளி ஒரே அறை. கல்குவாரியில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் பதினான்கு பேர். சின்ன டீச்சர் முதல் பேருந்தில் போய், குவாரி நிறுத்தத்தில் இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மேடு ஏறுவார். கதவைத் திறந்ததும் முதல் வேலை பெஞ்சுகளைத் துடைப்பது. ராத்திரியில் படிந்த கல்தூளை வழிக்காமல் நோட்டைத் திறக்க முடியாது. அறையின் நான்கு மூலையிலும் நான்கு வகுப்பு. ஒரு மூலையில் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு அடுத்த மூலைக்கு எழுத்துச் சொல்லித்தரப் போவார். வெடி வைக்கிற சங்கு ஊதினால் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிய வேண்டும். வெடித்து முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து பாடம் தொடரும். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இருந்தும் பன்னிரண்டு வருடமாக அவர்தான் அங்கே டீச்சர். வேறு யாரும் அந்த மேட்டுக்கு மனுப் போட்டதில்லை.

மாஸ்டர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். மூவரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தட்டில் அவித்த முட்டையும் கருகாமல் தப்பிய ரொட்டியும் இருந்தன. யாரும் தொடவில்லை.

"நீங்க சொன்னீங்களா அண்ணி?" என்றார் சின்ன டீச்சர்.

"குரல் என்னோடதுதான்."

"அது எனக்கும் தெரியுது. சொன்னீங்களான்னு கேக்குறேன்."

"அந்தத் தம்பி சொன்னத திருப்பிச் சொன்னேன். தலைவருக்குக் காது கேக்கல."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "எந்தத் தம்பி?"

"நம்ம ஸ்கூலுக்கு வந்து ஒரு வாரம் உக்காந்திருந்தாருல்ல, ஆலோசகர்னு. அவரு."

"அவரு பேசுனதுக்கு நீ எதுக்கு வாயைத் தொறந்த?"

பெரிய டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். அதற்கான பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஐம்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்கிற நீளமான வகுப்பு அவருடையது. முன்வரிசையில் ஒரு குழந்தை முணுமுணுவென்று பதில் சொன்னால் பின்னால் கேட்காது. அதனால் யார் என்ன சொன்னாலும், சரியோ தவறோ, அதை வாங்கித் தெளிவாக, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி ஒரு முறை சொல்வார். சொல்லிவிட்டுத்தான் சரியா தப்பா என்று வகுப்பைக் கேட்பார். சொந்தக் கருத்தை அதுவரை வெளியே விடமாட்டார். பிள்ளைகள் அவருக்கு மைக் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வருடக்கணக்கில் இதையே செய்து செய்து, வெளியிலும் அது வந்துவிட்டது. மருந்துக் கடையில் ஒரு முதியவர் மெதுவாக மாத்திரை கேட்டால் இவர் உரக்கத் திருப்பிச் சொல்வார். பேருந்தில் யாரோ இறங்க வேண்டுமென்று முனகினால் நடத்துநருக்கு இவர் குரல் போகும். மாஸ்டர் வெளியே போகிற இடங்களில் மனைவியை விட்டு இரண்டடி தள்ளியே நிற்பார்.

சட்டமன்றக் குழு கருத்துக் கேட்க அந்த நகரத்துக்கு வந்தது ஜனவரி மாதம். நகராட்சிக் கூடத்தில் கூட்டம். நாற்காலிக்கு வெள்ளை உறை, மேசைக்குத் தண்ணீர் பாட்டில், வந்தவர்களுக்கு மதிய உணவு என எல்லா ஏற்பாடும் ஒரு அறக்கட்டளையுடையது. பாடங்களைப் படம்பிடித்துப் பள்ளிகளுக்கு விற்கும் நிறுவனத்தின் அறக்கட்டளை அது. அதை யாரும் மறைக்கவில்லை. பாட்டிலில்கூட அந்த நிறுவனத்தின் முத்திரைதான். பெரிய டீச்சரைப் பேசக் கூப்பிட்டது ஆலோசகர்தான். அவர் கழுத்தில் கல்வித்துறை அட்டை தொங்கியது. முந்தைய மாதம் அவர் பெரிய டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, வாயே திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "உங்க வகுப்பு மாதிரி நான் எங்கயும் பார்க்கல டீச்சர். நீங்க குழு முன்னாடி வந்து பேசணும்" என்றார். பெரிய டீச்சர் போனது நாத்தனாரின் பள்ளிக்காகப் பேசத்தான். என்ன பேச வேண்டும் என்பதை இதே மேசையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்துதான் யோசித்தார்கள்.

குழுத் தலைவர் வயதானவர். காது மந்தம். தலைக்கு மேல் மின்விசிறிகள் கடகடத்தன. ஆலோசகர் பேச எழுந்தபோது ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அவர் அதைத் தட்டிக்கூடப் பார்க்காமல், மெல்லிய குரலில், சிரித்த முகமாகப் பேச ஆரம்பித்தார். என்ன, என்ன என்று தலைவர் காதுக்குக் கை வைத்தார். பக்கத்து நாற்காலியில் பெரிய டீச்சர். முதல் வாக்கியத்துக்கு உட்கார்ந்தபடியே, "அவர் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பித்துத் திருப்பிச் சொன்னார். தலைவர் முகம் மலர்ந்து தலையாட்டினார். இரண்டாவதற்கு எழுந்து நின்றார். நின்ற பிறகு வகுப்பில் நிற்கிற மாதிரியே ஆகிவிட்டது. முன்வரிசைப் பிள்ளையைப் போல ஆலோசகர் தட்டுத்தடுமாறிச் சொன்னதை இவர் நல்ல வாக்கியமாக்கிக் கொடுத்தார். சொல்லி முடித்ததும் சரியா தப்பா என்று கேட்பதற்குத் திரும்பியபோது, உணவு தயார் என்று ஒருவர் வந்து சொன்னார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெரிய டீச்சரின் முறை சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. மேட்டுப் பள்ளியைப் பற்றி எல்லாம் சொன்னார். அப்போது தலைவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். படம்பிடித்தவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"திருப்பிச் சொன்னேன்னு சொல்றீங்க" என்றார் சின்ன டீச்சர். "அதுல நீங்க ஏதும் சேத்தீங்களா?"

"அவரு சொன்னது கோணலா இருந்துச்சு. நேராக்கிச் சொன்னேன்."

"உதவியாளர் இருந்தா சரியாயிடும்னு?"

"அது அவருதான் சொன்னாரு." பெரிய டீச்சர் தட்டை நகர்த்தி வைத்தார். "சரியாயிடும்ங்கறது நான் போட்டதா இருக்கும். வாக்கியம் முடியாம நின்னுச்சு."

சின்ன டீச்சர் ரொட்டியைப் பிய்த்து அப்படியே தட்டில் வைத்தார். "என் ஸ்கூல்ல ஒருத்தி இருக்கா அண்ணி. பெஞ்சுக்கு அடியில உக்காந்தாதான் அவளுக்குக் கணக்கு வரும். மேல உக்காந்தா வராது. நானும் கீழ உக்காந்து சொல்லிக் குடுப்பேன். திரை குனிஞ்சு பாக்குமா?"

"நீ எங்கிட்ட ஏன் கேக்குற. இதையேதான் நான் சாப்பாட்டுக்கு அப்பறம் சொன்னேன்."

"சாப்பாட்டுக்கு அப்பறம்" என்றார் மாஸ்டர். "வகுப்புல பண்றத சபையில போய்ப் பண்ணியிருக்க. அவன் முணுமுணுத்துட்டு நின்னுட்டான், உன்ன பேச வெச்சுட்டான்."

"அண்ணே, நீ சும்மா இரு." சின்ன டீச்சர் அண்ணனைப் பார்க்கவில்லை. "மசோதாவுக்கு இன்னும் மேலிடத்துல கையெழுத்து ஆகலையாம். பஸ்ல பேசிக்கிட்டாங்க. நாளைக்கே போய் அவங்க எழுதி வெச்சிருக்கறத மாத்தச் சொல்லணும். அண்ணி வருவீங்களா?"

"வராம?"

"அங்க போயி யாரு பேசுனாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முட்டையை எடுத்து மேசையில் தட்டி உரிக்க ஆரம்பித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

சட்டமன்றச் செயலகத்தில் குழுக்களுக்கான பிரிவு அடித்தளத்தில் இருந்தது. அங்கிருந்த எழுத்தர் மரியாதை தெரிந்தவர். இருவரையும் உட்கார வைத்து, விஷயத்தைக் கேட்டு, அன்றைய கூட்டத்தின் பதிவை எடுத்து வாசித்துக் காட்டினார். ஆலோசகர் பேசிய இடங்களில் எல்லாம் 'தெளிவாகக் கேட்கவில்லை' என்றிருந்தது. பெரிய டீச்சர் சொன்னது ஒரு சொல் விடாமல் இருந்தது. முதல் வாக்கியத்துக்கு முன்னால் 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்றும் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

"இதுல ஒரு வார்த்தையும் தப்பில்லையேம்மா" என்றார் எழுத்தர். "காதுல விழுந்ததத்தான் எழுத முடியும்."

"சார், அது என் கருத்து இல்ல."

"புரியுதும்மா. சாட்சி சொன்னவங்க திருத்தம் குடுக்கலாம், விதி இருக்கு. குழுத் தலைவருக்கு எழுதிக் குடுக்கணும்."

"இப்பவே குடுக்கறேன்."

எழுத்தர் சங்கடத்துடன் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "அறிக்கை குடுத்த அன்னைக்கே குழு கலைஞ்சிடுச்சும்மா. இப்ப தலைவர் இல்ல. இல்லாத குழுகிட்ட எப்படித் திருத்தம் குடுப்பீங்க?"

"அப்ப யாருகிட்டதான் சார் சொல்றது?" என்றார் சின்ன டீச்சர்.

"கல்வித்துறைல கேட்டுப் பாருங்க. மூணாவது மாடி. சட்டத்துக்கு விதிகள் அங்கதான் எழுதிட்டு இருக்காங்க. சின்னப் பள்ளிகளுக்கு விலக்கு ஏதாவது குடுக்கணும்னா அவங்கதான் குடுக்கணும்."

மூன்றாவது மாடியில் துணைச் செயலாளர் ஒரு பெண்மணி. மேசையில் கோப்புகளுக்கு நடுவே பாதி கடித்த ஆப்பிள். அவர் இருவரையும் விரட்டவில்லை. மேட்டுப் பள்ளியைப் பற்றிச் சின்ன டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்டார். குவாரி வெடியைப் பற்றிச் சொன்னபோது, "அடப்பாவமே" என்றார்.

"விலக்கு குடுக்க முடியுமா மேடம்?"

"எட்டாவது பிரிவுல இடம் இருக்கான்னு பாக்கணும். எனக்கு நிச்சயமா தெரியல. கொஞ்சம் இருங்க, அவர் வரட்டும். அவரைக் கேட்டாத்தான் தெரியும்."

"எவரு மேடம்?"

"ஆலோசகர். சட்டத்த எழுதினவரு அவருதானே."

மழையா வெயிலா என்று கேட்டதற்குச் சொல்கிற பதிலைப் போல அதைச் சொன்னார். பெரிய டீச்சர் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நாத்தனாரைப் பார்த்தார். அவரும் அதே மாதிரி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துறைல யாரும் எழுதலையா மேடம்?"

"எங்களுக்கு எங்கங்க ஆள் இருக்கு? பிரிவுல ஒன்பது இடம் காலி. அறக்கட்டளைக்காரங்க ஆள் அனுப்பி உதவுறாங்க. அவங்க ரெண்டு வருஷமா எங்க கூடத்தான் உக்காந்திருக்காங்க. சம்பளம்கூட நாங்க குடுக்கறதில்ல, அவங்களே பாத்துக்கறாங்க." அவர் ஆப்பிளை ஒரு கடி கடித்தார். "மசோதா, அமைச்சர் உரை, இப்ப விதிகள், எல்லாம் நேரத்துக்கு வந்துடுது. முன்னல்லாம் ஒரு சுற்றறிக்கைக்கே மாசக்கணக்காகும்."

ஏதோ களவைக் கண்டுபிடித்துவிட்டதாக பெரிய டீச்சர் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இங்கே கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் உட்காருங்கள் என்றார்கள்.

அப்போது நடைபாதையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. மாடிப்படி வளைவில் நின்று, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த ஓட்டுநரைக் கூப்பிடுகிற குரல்.

"அண்ணே, பின் சீட்டுல இருக்கிற பையை மேல குடுத்து விடுங்க. கறுப்பு இல்ல, நீலம், நீலம்."

மூன்று மாடி தாண்டி அந்தக் குரல் இறங்கியது. கீழேயிருந்து உடனே பதில் வந்தது. பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நல்ல குரல். வயிற்றிலிருந்து எழும்பி, உடையாமல் போகிற குரல். அப்படிப்பட்ட குரல் உள்ள பிள்ளையைத்தான் அவர் எப்போதும் வகுப்புத் தலைவனாகப் போடுவார்.

ஆலோசகர் உள்ளே வந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குரல் இறங்கிவிட்டது.

"டீச்சர், நீங்களா. சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. சாப்டீங்களா?"

"உங்களுக்குச் சத்தமா பேச வருது தம்பி."

அவர் சிரித்தார். "அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு டீச்சர். நீங்க இல்லன்னா நான் மாட்டியிருப்பேன். நான் சொன்னதவிட நீங்க சொன்னது அழகா இருந்துச்சு. அமைச்சரே அதத்தான் ரசிச்சாரு."

தொண்டை கட்டியிருந்தது உண்மையா பொய்யா என்று பெரிய டீச்சருக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

துணைச் செயலாளர் எட்டாவது பிரிவைப் பற்றிக் கேட்டார். ஆலோசகர் கோப்பு எதையும் பார்க்காமல், விலக்குக்கு இடமில்லை, வேண்டுமென்றுதான் இடம் விடவில்லை, ஒன்றுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். துணைச் செயலாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அரசு உட்கார்ந்திருந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்தப் பக்கம் நின்றவர் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்.

"இவங்கதான் மேட்டுப் பள்ளி டீச்சரா?" ஆலோசகர் சின்ன டீச்சர் பக்கம் திரும்பினார். உண்மையான அக்கறை இருந்தது முகத்தில். "நீங்க கவலைப்படாதீங்க மேடம். அதே ஸ்கூல்ல உதவியாளரா உங்களையே போட்டுடலாம். பிள்ளைங்களுக்கும் பழகின முகம். திரையப் போடணும், அணைக்கணும், பிள்ளைங்கள அமைதியா வெச்சுக்கணும், அவ்வளவுதான். இப்ப படுற பாட்டுல பாதிகூட இருக்காது."

"பாடம்?"

"பாடம் திரையில வரும். உதவியாளர் நடத்தக் கூடாது. ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொன்னா பிள்ளைங்க குழம்பிடுவாங்க." அவர் பெரிய டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அடுத்த மாசம் பாடங்களப் படம் பிடிக்கறோம். உங்க குரல் எங்களுக்கு வேணும்."

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார். நாத்தனார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. இருவரும் படியிறங்கினார்கள்.

திரும்பி வரும் பேருந்தில் சின்ன டீச்சர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஒரு நிறுத்தத்தில் வண்டி ஓய்ந்து நின்றபோது சின்ன டீச்சர் சொன்னார், "நான் சேந்துக்கப் போறேன்."

"எதுல?"

"உதவியாளரா."

"உனக்கென்ன பைத்தியமா? அவனுக்குக் கீழயா?"

"நான் போகலன்னா வேற யாராச்சும் ஒரு பொண்ணு வரும். சங்கு ஊதுனா காதப் பொத்தணும்னுகூட அதுக்குத் தெரியாது."

"நாம பேப்பர்காரங்ககிட்ட போவோம். சங்கத்துல சொல்லுவோம். நான் சொல்றேன், எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன்."

"சொல்லுங்க அண்ணி. வேண்டாம்னா சொன்னேன்?" சின்ன டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா இந்தத் தடவ நீங்க சொன்னா எவன் கேக்கப் போறான்."

அதில் கோபம் இல்லை. அதுதான் பெரிய டீச்சருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன் இருக்கைக்காரரின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் சொல்லத்தான் செய்தார். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றபோது பாதிப் பேர் வெளியே போனார்கள். மீதிப் பேர் உட்கார்ந்திருந்தது அவரைக் கேள்வி கேட்கத்தான். ஒரு செய்தித்தாள் நான்கு வரி போட்டது. 'சட்டத்தை ஆதரித்த ஆசிரியை திடீர் பல்டி' என்பது தலைப்பு. அதற்கு இரண்டு நாள் கழித்து மேலிடத்துக் கையெழுத்து ஆனது. பேக்கரியில் யாரோ அந்தத் தலைப்பைப் படித்துக் காட்டியபோது, மாஸ்டர் மாவு பிசைவதை நிறுத்தாமல், "தலைப்பப் போட்டவனுக்கு ஆளு மாறிப்போச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மூவரும் வழக்கம்போல ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சின்ன டீச்சர் அண்ணி என்றுதான் கூப்பிட்டார். உப்பு கேட்டார், சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் அந்த மேசையில் பேச்சு எழவில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி மேட்டுப் பள்ளியில் திரை பொருத்தப்பட்டது. கரும்பலகையைக் கழற்றாமல் அதன் மேலேயே ஆணி அடித்தார்கள். சின்ன டீச்சர் உதவியாளராகச் சேர்ந்தார். ஜூலை முழுக்க விதிப்படி திரையைப் போட்டார், அணைத்தார். கல்தூள் படிந்து படம் மங்கும்போதெல்லாம் ஈரத் துணியால் துடைத்தார். வெடிச் சத்தத்தில் பாடம் கேட்காமல் போகும். திரை நிற்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

ஆகஸ்டில் முன்னறிவிப்பில்லாமல் ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். திரை அணைந்திருந்தது. உதவியாளர் தரையில் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்குச் சிலேட்டில் வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற மூலைகளில் மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பாடம் நடத்தியது விதிமீறல் என்று செப்டம்பர் முதல் தேதி அவரை விடுவித்தார்கள். அவருக்குப் பதிலாக வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

சின்ன டீச்சர் இப்போது பேக்கரியில் காலை நேர விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். மேட்டுப் பள்ளியில் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் வருகிறார்கள். மற்ற ஐந்து பேரும் குவாரியில் கல் பொறுக்குகிறார்கள்.